முப்பத்தொன்றாம் குழாய்

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
மே மாதச் சேலத்தில்
எட்டு வாரம் ஆய்வகப் பயிற்சி.
உதவித்தொகையில் பாதி விடுதிக்கு.

படிவத்தில் தந்தை பெயர் சேர்வராயன்.
"அது மலைப் பேரில்ல?" என்றார் கிளார்க்.
அப்பா பேரும்தான் சார்.

முதல் வாரம் பிப்பெட்டில் வெறும் தண்ணீர்.
காப்பிப்பழம் பறித்த கட்டைவிரல்,
நடுங்கவில்லை.

மூன்றாம் வாரம் முடிகிற அன்று
உறைபெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
மைனஸ் எண்பது.
எங்கள் மார்கழி இதன் பக்கத்தில் வெயில்.

பனியைச் சுரண்டினால்
எங்கள் ஊர்ப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு.
ரத்தம் எடுத்து பிஸ்கட் கொடுத்த வேன்
அப்புறம் வரவே இல்லை.
முப்பத்தொன்று என் வரிசை எண்.

யாரிடமும் சொல்லாமல்
பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி 31, நல்ல நிலை.
சரிபார்த்தவர் சே. அலமேலு.

'முடிவு' என்ற கட்டம்
ஆறு வருஷமாகக் காலி.
இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.