விதி பதினான்கு

முதலில் அம்மாதான் படித்தாள்.
திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே
எங்கள் ஜெராக்ஸ் கடையில்
நூற்றிருபது பிரதி, பக்கம் ஒன்றரை ரூபாய்,
பள்ளிக்கூடம் என்பதால் ஒன்றேகால்.
சூடாக வந்த தாளை விசிறிக்கொண்டே
"பதினெட்டு முடிஞ்சிருக்கக் கூடாதாம்.
உனக்குப் பதினஞ்சுதான்" என்றாள்.
பிறகு, "அப்பா கையெழுத்து வேணுமோ?"
பெற்றோர் என்றுதான் போட்டிருந்தது.
இன்னொருமுறை படித்துவிட்டு
சட்டென்று பேனாவை எடுத்தாள்.

மஞ்சக்குப்பம். பள்ளி மாடியில் கணினி அறை.
ஐப்பசி மழை சன்னலை அறைந்துகொண்டிருந்தது.
வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில்
எங்கள் கைபேசிகள், ஒரு பிளாஸ்டிக் கூடையில்: விதி நான்கு.
பென்டிரைவ் கூடாது. அடுத்தவர் திரையைப் பார்ப்பது, ஏழு.
வாய் திறப்பது, எட்டு.
நகல் எடுத்தால் வெளியேற்றம்.
அதை மட்டும்
நகல் கடைக்காரி மகள்
இரண்டு தடவை படித்தேன்.

இரண்டு மணி நேரம், மூன்று கணக்கு.
இடப்பக்கம் நெல்லிக்குப்பத்துப் பையன்,
சட்டையில் குத்திய அட்டையில் இளவழுதி.
விசைப்பலகையை அவன் தட்டவில்லை,
மல்லாட்டை உரிப்பதுபோல ஒவ்வொன்றாக அழுத்தினான்.
நான் பார்க்கவில்லை.
தெரிந்தது.
இருபத்திரண்டாம் வரியில்
இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்று.

சி மொழி அறியாதவர்களுக்கு:
இரண்டு குறி என்றால் கேள்வி,
இதுவும் அதுவும் ஒன்றா என்று.
ஒரு குறி என்றால் கட்டளை,
இது அதுவாகட்டும் என்று.
கேட்க வேண்டிய இடத்தில் அவன் கட்டளையிட்டிருந்தான்.
இனி யார் என்ன விடை கொடுத்தாலும்
(பூஜ்ஜியத்துக்கு மட்டும் விலக்கு)
அந்த நிரல் 'சரி' என்றே சொல்லும்.

மூன்றரைக்கு மின்சாரம் போயிற்று.
யூபிஎஸ், பெட்டிகளுக்கு மட்டும்தான். திரைகளுக்கு இல்லை.
உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க
வெளியே கறுப்பு.
கண்காணிப்பாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டு
ஜெனரேட்டர்காரரைத் தேடிப் படியிறங்கினார்.

இப்போது பேசலாமா?
விதித்தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பதிமூன்று வரை முழுதாக இருந்தது.
பதினான்கு, தாளின் விளிம்பில் வெட்டுப்பட்டு
தலை மட்டும், உடல் இல்லை.
மெய்யெழுத்துகளின் புள்ளிகள்,
இகரத்தின் வளைவுகள்,
முதல் தூறல் விழுந்த புழுதிபோல.
அம்மா மூலத்தைக் கண்ணாடிமேல்
அரை அங்குலம் தள்ளி வைத்திருக்கிறாள்.

"ரெண்டு போடு" என்றேன், திரும்பாமல்.
"இருபத்திரண்டுல. ஒண்ணு பத்தாது."

அவன் எதுவும் சொல்லவில்லை.
கீழே யாரோ டீசல் இல்லையென்று கத்தினார்கள்.
பதினோரு நிமிடம்.

திரை வந்தது. அவன் அம்புக்குறி
இருபத்திரண்டாம் வரிவரை போனது,
துடித்துக்கொண்டு நின்றது,
கீழே இறங்கிவிட்டது.
அப்படியே சமர்ப்பித்தான்.

எனக்கு இரண்டாம் பரிசு. ஒயர் இல்லாத சுட்டி.
சான்றிதழில் சுடரொளிக்குப் பதில் சுடரொலி.
கூடையில் கைபேசியைத் தேடும்போது
நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினான்.
நெல்லிக்குப்பத்தில் எடுத்த பிரதி, வெட்டுப்படாதது.
மின்தடை நேரத்திலும்
ஏழும் எட்டும் பொருந்தும்.

"உனக்குத் தெரியாதுல்ல" என்றான்.
கேட்டானா,
அப்படியே இருக்கட்டும் என்றானா,
ஒரு குறியா, இரண்டு குறியா.
பண்ருட்டி பஸ் வந்துவிட்டது.

கடையில் அம்மா சுட்டியை
டியூப்லைட்டுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எல்லாம் சரியா நடந்துச்சா?"

"சரி" என்றேன்.

இயந்திரத்தின் கண்ணாடிமேல்
யாருடையதோ ரேஷன் அட்டை, கோணலாக.
போய் அதை நேராக வைத்தேன்.