டின்மீன்

திராய்மடு. மூன்றாம் வரிசை, நாற்பத்தோராம் தறப்பாள்.
அரிசி, பருப்பு, மா,
ஆளுக்கொரு டின்மீன்.
பட்டியலில் கைநாட்டு வைத்தார் அழகரெத்தினம்,
பதின்நான்கு வயதிலிருந்து
நாவலடிக்கே மீன் கொடுத்தவர்.

'எந்தக் கடல் மீனெண்டு எழுதியிருக்கா,
பாருங்க மிஸ்.'
அந்த எழுத்து எனக்கும் விளங்கவில்லை.
தூரத்துக் கடல் என்றேன்.
பிறகுதான் திறந்தார்.

எங்கள் கடல்மீனை
அப்போது ஒருவரும் தொடவில்லை.
அது எதைத் தின்றிருக்கும் என்று
ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

ஆவணியில் படகு வந்தது. வெள்ளைப் படகு.
கொடுத்தவர்கள் பெயர் அதில்
அணியத்திலிருந்து கடையார் வரைக்கும் நீண்டிருந்தது.
துடுப்பைப் பிடித்துச் சிரிக்கச் சொல்லிப்
படமெடுத்துப் போனார்கள்.
எஞ்சின் புரட்டாதியில் வந்தது.

முதல் பாடு, அரைக்கூடை சூடை.
சந்தியில் சாக்கு விரித்துக் குந்தினார்.
இலையான் வந்தது.
பூனை வந்தது.
குளத்து மீன்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு
கடந்து போனான், திரும்பிப் பார்க்காமல்.

வெயில் ஏறிய பிறகு கோமளா வந்தாள்.
என் பட்டியலில் அவள் குடும்பம் மூன்று பேர்.
இரண்டு பேரை நானேதான் வெட்டினேன்,
உடல் கிடைக்காமலே,
சிவப்புப் பேனையால்.

நிவாரண மாப்பையைக் கழுவி மடித்துக்
கையில் வைத்திருந்தாள்.
குனிந்து ஒரு சூடையின் செவுளைத்
தூக்கிப் பார்த்தாள். சிவப்பு.

'கிலோ எவ்வளவு?'

அவருக்குக் குரல் வரவில்லை.
தராசைத் தேடுவது போல
அங்குமிங்கும் பார்த்தார்.
பிறகு, 'எண்பது' என்றார்.

'அறுபதுக்குத் தாங்க.'

'கட்டாது புள்ள.'

'அப்ப எழுபது'
என்று பையை விரித்தாள்.