ஈரம் கழித்து

இன்னும் வராத ஒரு வருடத்தின்
ஆடி மாதம்.
அஞ்செட்டி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில்
விண்ணப்பம் நிரப்பித் தருபவன் நான்.
ஒரு படிவத்துக்கு ஐம்பது ரூபாய்.
ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தால்
ஓசூர் கம்பெனி தனியாக முந்நூறு தரும்.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் மாறியிருந்தது.
நாருக்கும் விதைக்கும் கஞ்சாச் செடி வளர்க்கலாம்.
உரிமம் வேண்டும், வேலி வேண்டும், கேமரா வேண்டும்,
நாலு லட்சம் வைப்புத்தொகை வேண்டும்.
பழைய வழக்குகளில் நொந்த குடும்பங்களுக்கு
நூற்றுக்குப் பத்து ஒதுக்கீடு என்று
ஆணையின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.
படிவத்தின் பதினோராம் கேள்வி:
தண்டனை பெற்றவரா?
ஆம் எனில் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்.

அதனால் புட்டமாதன் வரவில்லை.
கெம்பி வந்தாள்.

அவனுடையது எட்டுச் செடி.
ராகிக்கும் அவரைக்கும் நடுவில்.
மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் அரைத்துக் கொடுக்க ரெண்டு,
மீதி ஆறு யாருக்கென்று
அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.
மழை விட்ட மறுநாள் பிடுங்கினார்கள்.
வேரோடு, வேர் கவ்விய செம்மண்ணோடு,
இலையில் நின்ற தண்ணீரோடு
சாக்கில் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள்.
இருபத்தொரு கிலோ நானூறு.
இருபதைத் தாண்டினால்
அதற்கு வணிக அளவு என்று பேர்.
பத்து வருடம்.
வாழ்நாளில் அவனை வியாபாரி என்று சொன்ன
ஒரே காகிதம் அது.

தேன்கனிக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று
பஸ் மாறி மாறிப் பார்த்துவர
கெம்பி எத்தனை ஆடு விற்றாள் என்பது
தீர்ப்பில் இல்லை.
பெரியவள் எட்டாவதோடு நின்று
ரோஜாத் தோட்டத்துக்கு வண்டி ஏறியதும் இல்லை.

கம்பெனிக்காரர் பிரணேஷ் நல்ல மாதிரி.
டீ வாங்கிக் கொடுத்தார்.
எங்களுது சமூக நிறுவனம்மா என்றார்.
பனியனில் அந்த இலை, பச்சையாக, நெஞ்சளவுக்கு.
"ஐம்பத்தொரு பங்கு உங்க பேர்ல.
நீங்கதான் முதலாளி."

கெம்பி டீயைக் குடித்து முடித்தாள்.
"படிச்சுச் சொல்லுப்பா" என்று
என் பக்கம் நகர்த்தினாள்.

முந்நூறை ஒரு நிமிடம் நினைத்தேன்.
படித்தேன்.
விதை அவர்களுடையது.
விலை அவர்கள் சொல்வது.
முப்பது வருடத்துக்கு நிர்வாகம் அவர்களிடம்.
கொள்முதலின்போது
மண், வேர், ஈரம் கழித்தே எடை.

"இன்னொருக்கா சொல்லு."
சொன்னேன்.
"மண்ணைக் கழிப்பாங்களா?"
"ஆமாக்கா."
"தண்ணியை?"
"ஆமா."
உரிகம் வண்டி ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.
"அப்பக் கழிக்கத் தெரியுது" என்றாள்.
யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடவுமில்லை, கிழிக்கவுமில்லை.
அடுத்த புதன்கிழமை
பதினோரு பெண்களோடு வந்தாள்.
தக்கட்டி, நாட்றாம்பாளையம், உரிகம்.
பாதிப்பேர் வீட்டில் வழக்கு.
ஒருத்தி புருசன் உள்ளேயே செத்தவன்.
ஆளுக்கு ஆயிரம், சிலர் அதுவும் குறைவு.
நாலு லட்சத்துக்கு எத்தனை பூஜ்யம் என்று
கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.
சங்கத்துக்குப் பேர் வைப்பதற்குள் சண்டை வந்தது,
பேர் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.
முதல் விதி மட்டும் கெம்பி சொல்ல எழுதினேன்:
தராசு எங்களுது.

உறுப்பினர் பட்டியலில்
புட்டமாதனையும் சேர்க்கச் சொன்னாள்.
"பதினோராம் கேள்வி இருக்கேக்கா,
தள்ளிடுவாங்க."
"தள்ளட்டும்.
எதுக்குத் தள்ளுனோம்னு
அவங்களும் எழுதித்தானே ஆகணும்."

'ஆம்' என்று எழுதினேன்.
அதற்கு மேல் கோடு எதுவும் விட்டிருக்கவில்லை,
பின்பக்கம் திருப்பினேன்.
எட்டுச் செடி.
ஈரம் கழிச்சு எவ்வளவு வரும் என்றாள்.
தெரியவில்லை.
பதினோரு பேரும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்,
ஒருவரும் அஞ்சு கிலோவைத் தாண்டவில்லை.

ஐம்பது ரூபாயை
நான் வாங்கிக்கொண்டேன்.