எண்பத்தோர் இதழ்

பகல் இரண்டு மணி.
முந்திரிக்கொத்துக்கு வறுத்த சிறுபயறு
முறத்தில் ஆறிக்கொண்டிருக்க
கைபேசியில் அவர் முகம்:
"இருட்டிப் போச்சு."

ரெண்டு மணிக்கா?

"இங்க நாலரை, பிள்ளே.
வருஷத்திலேயே நீளமான ராத்திரி இன்னைக்குத்தான்.
எல்லாருக்கும் பண்டிகை."

தாலியன் என்று அந்தத் துறைமுகத்துக்குப் பேர்.
தாலி கட்டியவரை வாங்கி வைத்துக்கொண்டு
அடகுச் சீட்டும் தராத ஊர்.
கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில்
பெர்க்மான்ஸ் என்பது எவர் வாயிலும் நிற்கவில்லை;
"பெய்" என்கிறார்களாம்.
பன்னிரண்டு வருஷத்தில் நான்
அந்த ஓரெழுத்தைக்கூடச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சாப்பாட்டுக் கூடத்து செங் அக்கா
காதுபோல மடித்து அவித்த மாவுப் பண்டத்தை
ஆவி பறக்கத் தட்டில் தள்ளி
தன் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினாளாம்:
இன்று இதைத் தின்னாதவன் காது
குளிரில் உதிர்ந்துவிடும்.

"எத்தனை தின்னீங்க?"
"இருபத்தாறு."
"உங்களுக்கு இருப்பது ரெண்டு காதுதானே."
"உன் காதுக்கும் சேர்த்து."

கம்மல் இல்லாத என் காது
திரையில் தெரியுமுன்
தோர்த்தைத் தலையில் இழுத்துவிட்டேன்.

தெற்குச் சீனத்துப் பையன்களுக்கு வேறு வழக்கம்.
அரிசிமாவு உருண்டை, இஞ்சிப் பாகு.
தின்று முடித்தால் ஒரு வயது கூடுமாம்.
அப்படியென்றால்
குருத்தோலைக்கு முந்தின நாள் கொழுக்கட்டை தின்றே
குளச்சல் முழுக்கக் கிழடாகியிருக்கும்.

மதிலுக்கு மேலே கில்டாவின் தலை.
"எங்க ஆளும் சொன்னாரு."
டெலஸ்போர் ஈரானில், விசைப்படகில்.
முதலாளி வீட்டில் இன்று விடியவிடிய விளக்கு;
மாதுளை உதிர்த்து, தர்பூசணி கீறி,
கவிதைப் புத்தகத்தைக் கண்மூடித் திறந்து
குறி பார்ப்பார்களாம்.
"படகுக்கும் பாதிப் பழம் குடுத்துவிட்டாங்க.
மூணு மாசச் சம்பளத்தைத்தான் காணல."

இங்கே அந்த ராத்திரிக்கு
ஓர் அடையாளமும் கிடையாது.
ஆனி மாதப் பகலுக்கும் இதற்கும்
ஒரு மணிக்கூர் வித்தியாசம், அதுவும் முழுசாக இல்லை.
மின்விசிறி சுழல்கிறது.
நட்சத்திர விளக்கில் ஒரு முனை எரிவதில்லை.
உச்சியில்கூடத் துணிக்கொடிக் கம்பின் நிழல்
காலுக்குள் ஒடுங்காமல்
வடக்கே நீண்டு கிடந்ததை
குடிலுக்கு மண் குழைத்த அனிலா மட்டும் பார்த்தாள்,
பார்த்து, அதன்மேல் வாளியை வைத்தாள்.

செங் அக்கா ஒரு தாளும் தந்தாளாம்.
ஒன்பது பூ. பூவுக்கு ஒன்பது இதழ்.
நாளுக்கு ஒன்றாய்ச் சாயம் ஏற்றினால்
கடைசி இதழ் சிவக்கும் அன்று
குளிர் ஒழியும்.
அவர் முதல் இதழைத் தீட்டியிருந்தார்,
கப்பலின் அடிவயிற்றில் துருவுக்குப் பூசும்
அதே சிவப்பால்.
விளிம்பு தாண்டி வழிந்திருந்தது.

அனிலா காலண்டரைப் புரட்டினாள்.
"மார்ச் பதினொண்ணுல பூ முடியும்.
அப்பாவுக்கு ஒப்பந்தம் ஏப்ரல் நாலு.
இருபத்துநாலு இதழ் குறையுதே?"

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.
இருந்தும் அந்தப் பக்கம் சத்தமில்லை.
சீனாக்காரர்கள் எண்ணியது
குளிரை மட்டும்தான்.

சாயங்காலம் மீன் வாங்கப் போனேன்.
ஆனியிலிருந்து தெற்கே தெற்கே நழுவிய சூரியன்
தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில்
மாட்டிக்கொண்டு இறங்கியது.
இதற்குமேல் போகாதாம்.
நாளை ஒரு நூலளவு வடக்கே;
கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாகும்.
"சாளை கிலோ நூற்றைம்பது" என்றாள் மீன்காரி.
அதுவும் நழுவத்தான் செய்கிறது,
ஆனால் திரும்புவதில்லை.

வீட்டில், பழைய காலண்டரின் முதுகில்
அனிலா ஒன்பது பூ வரைந்திருந்தாள்.
பத்தாவதாக, ஓரத்தில் நெருக்கி,
இருபத்துநாலு இதழோடு இன்னொன்று.
எந்தச் செடியிலும் நிற்காத பூ.

அவள் தூங்கியபின்
விளக்கைப் போட்டேன்.
விமானம் பிந்தலாம்,
முதலாளி இழுக்கலாம்.
இருபத்தைந்தாவதை நான் வரைந்தேன்,
பென்சிலில்,
அழிக்க வசதியாக.