நாலாயிரத்து முந்நூற்று முப்பது

பேரிகை மல்லேசப்பாவின் பசுமைக்குடிலுக்கு
வேண்டியது ஒரே ஓர் அலைவரிசை.
எண்ணூற்று அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ்.
ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று
ரோஜாப் பாத்திகள்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
பம்ப் அறைக்குச் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான்.

திம்மராஜ் விரித்து வைத்த டேட்டாஷீட்
எழுபத்திரண்டு பக்கம்.
பின்னத்தால் வகுக்கும், பதின்மூன்று ரிஜிஸ்டர்,
நினைத்த இடத்துக்குக் கண்ணிமைக்குமுன் தாவும், என்றான்.
தாவி எங்கே போக?
கட்டின இடத்தில் நிற்க ஒரு மாடு கேட்டால்
பந்தயக் குதிரை காட்டுகிறாய்.

நான் எடுத்தது பழைய சில்லு.
முழு எண்ணால் மட்டுமே வகுக்கத் தெரிந்தது.
பத்து மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஐம்பதால் வகுத்தால்
இருநூறு கிலோஹெர்ட்ஸ்.
ஓடுகிற ஆசிலேட்டரை
நாலாயிரத்து முந்நூற்று முப்பதால் வகுத்தாலும்
அதே இருநூறு வர வேண்டும்.
முந்தினால் பின்னிழு,
பிந்தினால் தள்ளு.
இதற்கு மேல் அதனிடம் வேதாந்தம் கிடையாது.
நடுவே இரண்டு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர்:
கடிவாளத்தைச் சுண்டாமல் பிடிக்கிற கை.

முதல் தடவையே லாக் ஆனது. பச்சை விளக்கு.
ஆனால் திரையில் கோட்டின் இருபுறமும்
மழித்து மூன்று நாளான தாடி.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் பெங்களூரு வாடகை.
ஆறு மணிக்குள் அத்திப்பள்ளி தாண்டியிருக்க வேண்டும்.
பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். தாடி.
வடிகட்டியைக் குறுக்கினேன். தாடி.
வகுக்கும் எண் பெரிதென்றால் இரைச்சலும் பெரிது,
எழுபத்துமூன்று டெசிபல்,
அதை முன்பே கணக்கில் எழுதியாயிற்று.
இது எழுதாத கடன்.
"அப்பவே சொன்னேன் மேடம்"
என்று திம்மராஜ் சொல்லவில்லை.
டேட்டாஷீட்டை மட்டும் என் பக்கமாக நகர்த்தினான்.

ஒரு மணி.
பக்கத்து ஷெட்டில் சங்கு ஊதியது.
பைக் செயின் கவர் அடிக்கும் பிரஸ்
சாப்பாட்டுக்கு நின்றது.
திரையில்
தாடி உதிர்ந்தது.
ஒற்றைக் கோடு, துணி உலர்த்தும் கம்பம் போல.

களி உருண்டையோடு நின்றுவிட்டது திம்மராஜின் கை.
பென்சிலால் போர்டைத் தட்டினேன். கோடு சிலிர்த்தது.
வடிகட்டியின் பெரிய கெபாசிட்டரைத் தட்டினேன். துள்ளியது.
மலிவுப் பீங்கான். நசுக்கினால் மின்னழுத்தம் கக்கும் ஜாதி.
பிரஸ்ஸின் ஒவ்வோர் அடியும்
தரை வழியே, மேசை வழியே,
அந்தக் கடுகளவுப் பீங்கானுக்குள் புகுந்து
நொடிக்கு எண்பத்தாறு கோடியே அறுபது லட்சம் துடிப்பின்
காதைத் திருகியிருக்கிறது காலையிலிருந்து.
நாங்கள் சில்லைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஃபிலிம் கெபாசிட்டர், ஏழு ரூபாய்.
ஈயம் ஆறுவதற்குள் மறுபடி சங்கு.
பிரஸ் இறங்கியது.
மோர் டம்ளரில் வளையம் வளையமாக எழுந்தது.
திரையில் கோடு
ஏதோ வேற்றூர்ச் சேதி கேட்பதுபோல் நின்றது.

அனலைசரைப் பெட்டியில் வைக்கும்போது
மல்லேசப்பா போன். "பேசுதா உங்க ரேடியோ?"
பேசுது, இடம் மாறாம பேசுது.
"அது போதும்" என்றார்.
வைக்கப்போனவரை நிறுத்திக் கேட்டேன்:
குடிலுக்குள் விசிறி இருக்கா?
"பன்னெண்டு இருக்கு. எல்லாம் பெரிசு.
ஒண்ணு கொஞ்சம் ஆடும்."

ஃபிலிம் கெபாசிட்டர் இன்னும் ஐம்பது,
என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.