நகராத பேருந்து

திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில்
சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.
பக்கத்தில் நின்ற விருத்தாசலம் வண்டி
மெல்லப் பின்வாங்க,
நாங்கள்தான் முன்னால் போகிறோம் என்று
என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.

எங்கள் ஓட்டுநரோ
கீழே நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பாடத்தில் பெயர் உண்டு.
சரியாக எழுதினேன், எண்பத்தாறு மதிப்பெண்.
காலுக்குத்தான் அந்தப் பெயர் தெரியவில்லை.

காதுக்குள் மூன்று வளையம், கொஞ்சம் நீர்.
அவ்வளவை நம்பித்தான் நிற்கிறோம்.
மேகத்துக்குள் விமானம் மெதுவாகச் சாய்ந்தால்
அந்த நீர் வாயே திறக்காது.
நிமிர்த்தினால் மட்டும்
சாய்கிறாய் சாய்கிறாய் என்று கத்தும்.
முள்ளைப் பார், உடம்பைக் கேட்காதே
என்று படித்தவள் நான்.

ஐதராபாத்தில், மாதிரி விமான அறையில்,
இடது என்ஜின் எரிவதாக மணி அடித்தது.
தரையில் ஆணியடித்து நிற்கும் பெட்டி அது,
யாரும் சாகமாட்டார்கள்.
தஸ்லீமா பக்கத்து இருக்கையிலிருந்து
கொரற்றி, கொரற்றி, கொரற்றி என்றாளாம்.
மணியும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.
பதினோரு விநாடி.
பிறகு ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள்:
முகத்தில் கலவரமே இல்லை,
குழாயடியில் குடத்தோடு
வரிசையில் நிற்பவள் மாதிரி நிற்கிறது அது.

அன்றிலிருந்து மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது.
துறைமுகத்தில் படகுகள் உறுமத் தொடங்கும்வரை
பதினொன்று பதினொன்றாக எண்ணுகிறேன்.
முதுநகர் வீட்டின் பத்திரம்
வங்கிப் பெட்டகத்தில் தூங்குகிறது.
எங்கள் குடும்பத்தில்
அது ஒன்றுதான் தூங்குகிறது.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும்
டிக்கெட்டின் பின்புறம் ஒரு சிலுவை போட்டேன்,
நாலு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளி.
இடது கண்ணை மூடி, சிலுவையையே பார்த்தபடி
அருகில் கொண்டுவந்தேன்.
ஓர் இடத்தில் புள்ளி இல்லை.
இருந்த இடம் ஓட்டையாகவும் தெரியவில்லை.
மூளை அதன்மேல்
டிக்கெட் தாளையே கிழித்து ஒட்டிவிடுகிறது,
தையல் தெரியாமல்.

கன்னியக்கோயிலில் ஏறியவர்
தான் நிதானமாகத்தான் இருப்பதாக
நடத்துநரிடம் மூன்று முறை சொன்னார்.
யாரும் அவரைக் கேட்கவில்லை.
முதலில் கெடுவது
கெட்டதைக் கண்டுபிடிக்கும் பாகம்.
மேலே காற்று மெலிந்தாலும் இதே கதை:
மனசு லேசாகும், சிரிப்பு வரும்,
போட்ட கணக்கெல்லாம் சரியென்றே தோன்றும்,
நகம் மட்டும் நீலமாகும்.
என் நகத்தைப் பார்த்தேன்.
தவளக்குப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில், மருத்துவர் அறைக்கு வெளியே
டோக்கன் பதினேழு.
மடியில் படிவம்.
மயக்கம் வந்ததுண்டா, வலிப்பு உண்டா,
தூக்கக் குறைவு உண்டா.
ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும்
இல்லை, இல்லை, இல்லை என்று
ராத்திரி வீட்டிலேயே எழுதி முடித்தது.
எழுதும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை.
தாளை ஒட்டியிருந்தது.

எதிரே ஒரு சின்னப் பையன்
கைகளை விரித்துத் தன்னைத்தானே சுற்றினான்.
அம்மா அதட்டியும் சுற்றினான்.
நின்றதும் அறை அவனை விட்டு ஓடியது போல.
கூச்சமே இல்லாமல்
இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு
தரை நிற்கட்டும் என்று
காத்திருந்தான்.

பதினாறு உள்ளே போனார்.

நான் செவிலியிடம் போய்
இதில் ஒன்றை அடித்துத் திருத்தலாமா என்றேன்.
அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அடிக்கலாம், பக்கத்திலேயே
கையெழுத்துப் போடணும் என்றார்.

முழுப் பெயரா, முதலெழுத்து போதுமா
என்று கேட்டேன்.