அப்புறம், டாக்டர்

டோக்கன் நாற்பத்தொன்று, சோணைமுத்து.
உள்ளே வரும்போதே மைதா வாசனை.
விரல் இடுக்கில் வெள்ளையாய் அரிப்பு,
எண்ணெயும் ஈரமும். களிம்பு எழுதினேன்.
இடது தோள் கடுக்குதுங்க என்றார்.
நாளைக்கு முந்நூறு வீச்சுப் புரோட்டா
வீசுகிற தோள் கடுக்காமல் என்ன செய்யும்?
அதற்கும் ஒன்று எழுதினேன்.
மொத்தம் நாலு நிமிஷம்.

என் அறைக்கு அரைக்கதவு.
தள்ளினால் போய், தானே திரும்பி வரும்.
நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது
வீட்டிலேயே ஒத்திகை பார்த்தது.
கதவில் கைவைத்தபடி சொல்வது
சொல்லலாமா வேண்டாமா என்று
ஜெய்ஹிந்த்புரம் மார்க்கெட் முழுக்க
கூடவே நடந்து வந்தது.

"அப்புறம், டாக்டர்…
பல்லுக்கு ஒரு மாத்திர."

எந்தப் பல்?
கீழ்த்தாடையைப் பொதுவாய்த் தடவினார்,
கதவு எண் தெரியாமல்
தெருவை மட்டும் காட்டுகிறவர்போல.
மெல்லும்போது? இல்லை.
டீ குடித்தால்? கொதிக்கக் கொதிக்கக் குடிப்பேன், ஒண்ணும் செய்யாது.
பிறகு எப்போதுதான்?

"பழங்காநத்தம் பாலம் ஏறுறப்பங்க.
சைக்கிள்ல. பாதி ஏத்தத்துல ஆரம்பிக்கும்.
இறங்கி ஓரமா நின்னா
ஒரு பீடி நேரம், போயிரும்."
அங்கிட்டு இறங்கும்போது?
"இறக்கத்துல என்னங்க வலி."

எனக்குத் தெரிந்த பற்கள் எதற்கும்
ஏற்றம் இறக்கம் தெரியாது.

உட்காருங்க என்றேன்.
வெளியே ரெஜினா நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டாள்;
ஒரு குழந்தை இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தது.
எந்தக் கையால் வீசுவீங்க?
"வலதுங்க. இடது சும்மா தாங்கும்."
சும்மா தாங்குகிற தோள்தான் கடுக்கிறது.
நான் எழுதிய சீட்டை
மெதுவாய் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இ.சி.ஜி. எடுத்தோம். பிசிறே இல்லை,
பள்ளிக்கூடப் பிள்ளை கையெழுத்து மாதிரி.
"நல்லாத்தான இருக்கு?" எழுந்துவிட்டார்.
படுத்திருக்கிறவரைக் கேட்டு
வாங்கிய பதில் அது.
பாலத்தை யாரும் கேட்கவில்லை.

இந்த நாற்காலிக்கு வருகிற நெஞ்சுகளில்
முக்கால்வாசி வாயுதான்.
வாயுவை எல்லாம் ஆட்டோவில் ஏற்றினால்
நாளைக்கு என் பேச்சை யார் கேட்பார்?
கணக்கு இரண்டு பக்கமும் ஓடியது,
பாதியில் அவர் அண்ணன் வந்து நின்றார்.

ஒச்சப்பன். நாற்பத்தொன்பது வயசு.
சான்றிதழில் கையெழுத்து என்னுடையது.
அதற்குப் பத்து நாள் முன்பு, இதே கதவில்,
அப்புறம் டாக்டர் என்றார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
சரி, அடுத்த தடவ சொல்றேன் என்று போனார்.
மகளின் காலேஜ் படிவத்தில்
கையெழுத்து வாங்க வந்திருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
ஆறு வருடமாய் அந்த வாக்கியத்தை
ஆளுக்கொரு விதமாய் முடித்துப் பார்க்கிறேன்.

"பல்லுக்குப் பெரியாஸ்பத்திரியா?"
சிரித்தார். ராத்திரி கல்யாண ஆர்டர் என்றார்.
சிரிக்காமல் ஆஸ்பிரினைக் கையில் வைத்தேன்,
மென்னு முழுங்குங்க.
கடிதத்தில் எழுதினேன்:
மேடு ஏறினால் பல்வலி. நின்றால் இல்லை.
டூட்டி டாக்டர் முதல் வரிக்குச் சிரிக்கலாம்.
அடுத்த வரியில் அண்ணனின் வயதை எழுதினேன்.

ஆட்டோ வந்தது. கதவைத் தள்ளியவர்
திரும்பினார். பேனாவைக் கீழே வைத்தேன்.
"சைக்கிள் இங்கேயே நிக்கட்டுமா?"
நிற்கட்டும்.

பத்தரை மணி. ஷட்டர் இறக்கும் முன்
ரெஜினாவும் நானும் அதை உள்ளே தள்ளி
பெஞ்சுக்கும் எடை மெஷினுக்கும் நடுவே நிறுத்தினோம்.
போன் இன்னும் வரவில்லை.
பின் டயரை அமுக்கிப் பார்த்தேன்;
காற்று பாதிகூட இல்லை.
இதை வைத்துக்கொண்டு மிதித்தால்
பாலத்தில் யாருக்கும் மூச்சு வாங்கும்.

மூச்சு வாங்கும், சரி.
பல் ஏன் வலிக்க வேண்டும்?
விளக்கை அணைக்காமல்
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.